ஐந்து கம்பிச் சக்கரங்கள்

தம்பிக்கு,

உன் அத்தான் லயனலைப் புதைத்த ஒன்பதாம் நாள் என் கொட்டகைக்கு வந்து, அவருடைய பழைய பந்தயக் காரின், மாற்றுச் சக்கரத்தோடு சேர்த்து, ஐந்து கம்பிச் சக்கரங்களையும் தட்டிப் பார்த்தாய். "எல்லாம் நகல்க்கா. இரும்பு விலைதான் தேறும். நானே எடுத்துக்கறேன்" என்றாய். நம்பினேன்.

நேற்று பர்மிங்ஹாம் பழைய கார்ச் சந்தையில் அதே சக்கரங்கள் உன் கடையில் இருந்தன. அவர் பூசிய பச்சை எனக்குத் தெரியாதா? யாரிடமோ பெருமையடித்துக்கொண்டிருந்தாய்: "சக்கரத்தோட நடுக்குடத்துல முத்திரையப் பாருங்க சார், முப்பத்தி நாலாம் வருஷம். ஒரு கம்பிகூட மாத்தல. அசல்!"

என்னைக் கண்டதும், "அக்கா, இங்க வேணாம்" என்றாய். வேறெங்கே? அந்த மனிதரிடமே சொன்னேன்: "இவன் என் தம்பி. நகல்னு சொல்லித்தான் என்கிட்ட வாங்கினான்." அவர் விலகி நடந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் சக்கரங்களை என் வண்டியில் ஏற்றியபோது நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இரும்பு விலைக்கு நீ தந்த காசோலை இத்துடன் வருகிறது. அதை நான் மாற்றவே இல்லை.

அன்று உன்னை எதற்கு அழைத்தேன் தெரியுமா? தன் கடைசி வாரத்தில் லயனல் சொன்னார்: "சக்கரமெல்லாம் உன் தம்பிக்குச் சும்மா குடுத்துடு. அவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்." நகல் என்று நீ சொன்னதும், போலியையா இத்தனை வருடம் பொத்திவைத்தார் என்று அவருக்காக வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அவரைப் பற்றி என்னை அப்படி நினைக்க வைத்தாயே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அக்கா