அக்கா ஊர் நிலா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நலம் விசாரிப்பதெல்லாம் கொஞ்சம் பொறு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை காலை நான் துடைக்க எடுத்த கண்ணாடிகளில் பஞ்சு காய்ந்திருந்தது.

இதில் என்னடி இருக்கிறது என்று நீ கேட்பாய். என் வேலை என்னவென்று நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. போனில் நீ "அப்படி என்னடி வேலை?" என்று கேட்டாய். நான் "வண்டியில" என்றேன். நீ "கண்டக்டரா?" என்றாய். நான் "ம்ஹும்" என்றேன். அதற்குள் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. போனில் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வானத்தைக் கொண்டுபோகிறோம். வண்டிக்குள் பெட்டி பெட்டியாக வி.ஆர். கண்ணாடிகள். இரண்டு கண்ணையும் அடைத்துக்கொள்ளும் பெரிய கண்ணாடி. மாட்டிக்கொண்டால் வகுப்பறை மறைந்து சுற்றிலும் வானம் வந்துவிடும். தலையைத் திருப்பினால் அந்தப் பக்கத்து நட்சத்திரங்கள் தெரியும். கையில் ஒரு கைப்பிடி கொடுப்போம். அதை நீட்டி இழுத்தால் சனிக்கோள் வளையத்தோடு மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். இதை நடத்துகிறவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ராக்கெட் சார். வானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. வண்டியை ஓட்டுவது டிரைவர் அண்ணன். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளுவதும், பிள்ளைகள் நகர்ந்துபோய்ச் சுவரில் முட்டாமல் இருக்க ஆளுக்கொரு கால்மிதி போடுவதும், கண்ணாடியை மாட்டிவிட்டுப் பிறகு வாங்கித் துடைப்பதும் என் வேலை. இதில் பேச வேண்டியதே இல்லை. அதனால்தான் சேர்ந்தேன்.

கண்ணாடியின் ஓரத்தில் முகத்தில் படுகிற இடத்தில் பஞ்சு வைத்திருப்பார்கள். பிள்ளைகள் உண்மையாகவே பார்த்திருந்தால் அது வேர்வையில் ஈரமாகி, தொட்டால் சூடாக இருக்கும். அன்று காய்ந்து குளிர்ந்து இருந்தது. அதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன், மீதி பின்னால்.

அப்பா நன்றாக இருக்கிறார். இருமல் குறைந்துவிட்டது என்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. லேத் பட்டறையில் புகை அதிகம், ஆனால் டாக்டரிடம் போகலாம் என்றால் "உங்க அக்கா வரட்டும், அவ பாத்துக்குவா" என்கிறார். குழாய் ஒழுகினாலும் அதே பதில். நேற்று குழம்பில் உப்பு கூடிப்போனதற்கும் அதையே சொன்னார். நீ வரும்போது இந்த வீட்டில் உனக்காக எத்தனை வேலை காத்திருக்கிறது பார்.

நீ கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. திங்கட்கிழமை தொடங்குகிற மாலை வகுப்பில் சேருவேனா, பத்தாவது எழுதுவேனா என்று கேட்டிருந்தாய். பாடம் எனக்குப் பயமில்லை. முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். போன வருடம் அங்கே படித்த பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா சொன்னாள். அதுதான் பயம். ஒன்பதாம் வகுப்பில் என்னை எழுந்து வாசிக்கச் சொல்லி, குரல் வராமல் நின்றதற்கு வகுப்பே சிரித்த அந்த நாளுக்குப் பிறகு நான் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று நீ ஒருமுறைகூடத் துருவிக் கேட்டதில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? இப்போதும் வண்டியில் என் பெயர் சைலன்ட். டிரைவர் அண்ணன் வைத்தது. "போனைத்தான் சைலன்ட்ல போடுவாங்க, உன்னை யாரும்மா போட்டது?" என்பார். அவர் அதைப் பிரியமாகத்தான் சொல்கிறார்.

அதனால் உனக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் வியாழக்கிழமையைச் சொல்லியாக வேண்டும்.

அன்று போன பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பைக் குழு குழுவாகப் பிரித்திருந்தார்கள்; முதல் குழுவின் பஞ்சு காய்ந்திருப்பதை ராக்கெட் சார் காதில் சொன்னேன். அவர் முதலில் "ஃபேன் ஓடுதேம்மா, காயத்தானே செய்யும்" என்றார். அன்று அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது, குரல் காற்றாக வந்தது. அடுத்த குழுவுக்கு மாட்டிவிட்டு நாங்கள் இருவரும் கதவிடுக்கில் நின்று பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் ஒருவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டான். அவனைப் பார்த்து அடுத்தவள். கண்ணாடிக்குள் ராக்கெட் சாரின் பதிவு செய்த குரல் கோள்களின் விட்டத்தையும் தூரத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வெளியே பிள்ளைகள் விளையாட்டு பீரியட் போய்விட்டதே என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். சாருடைய முகம் வாடிவிட்டது. அந்தக் குரலைப் பதிவு செய்ய அவர் எவ்வளவு பாடுபட்டார் என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அறிவியல் டீச்சர் வந்தார். கோபக்காரர் இல்லை. ஆனால் பாடம் முடிக்க வேண்டிய கவலை அவருக்கு. "சார், தப்பா நினைக்காதீங்க. மத்தியானம் கடைசி குழுவும் இப்படித்தான்னா, மத்த வகுப்புக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் சார் பதிவுக் குரலை நிறுத்திவிட்டார். "நேர்ல பேசினாத்தான் சரி வரும்" என்று காற்றுக் குரலில் சொல்லிவிட்டு, கண்ணாடிகளுக்குள் குரல் போகிற மைக்கை எடுத்தார். அவரால் இருமத்தான் முடிந்தது. மைக்கை என்னிடம் நீட்டினார். டிரைவர் அண்ணன் சிரித்துவிட்டார். "இவளையா? இவ பேசினா கேக்கறதுக்கே தனியா ஒரு மெஷின் வாங்கணும் சார்!" சார் சிரிக்கவில்லை. "தினமும் வண்டியில எங்க போயிட்டு வர்றியோ, அங்க கூட்டிட்டுப் போ. அது போதும்" என்றார்.

என் முகம் எப்படிச் சிவந்திருக்கும் என்று நினைத்துப் பார். வண்டி கிளம்பும் முன் கண்ணாடிகளைச் சோதிப்பது என் வேலை. சோதிக்கிற சாக்கில் நான் உன் ஊருக்குப் போய்வருவது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊர்ப் பெயரைப் போட்டால் அந்த ஊர் வானம் வரும், அக்கா. உன் ஆஸ்பத்திரி வராது, நீ வரமாட்டாய். மேலே இருப்பது மட்டும் வரும். நீ பூமியின் தென்கோடி நாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போன புதிதில் "இங்க நிலா கவுந்து கிடக்குடி" என்று சொன்னாயே, அப்பா "தூக்கக் கலக்கத்துல பாத்திருப்பா" என்றாரே, நீ சொன்னது நிஜம். நான் பார்த்தேன்.

கடைசிக் குழு வந்தது. எல்லோருக்கும் மாட்டிவிட்டேன். எல்லோரும் கால்மிதியில் நின்றுகொண்டு வாயைத் திறந்து கூரையைப் பார்க்கிறார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த அறையில் கண் தெரிகிறவள் நான் ஒருத்திதான். என்னை யாருமே பார்க்கவில்லை. அப்படியும் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டுதான் மைக்கை வாயருகே வைத்தேன்.

முதலில் வெறும் மூச்சுதான் போயிருக்கும். ஒரு பெண் "யாரோ மூச்சு விடறாங்கடி" என்றாள். நான் "அது நான்தான்" என்றேன். பிறகு "இது நம்ம ஊரு வானம். அதோ நிலா" என்று கையை நீட்டிக் காட்டினேன்.

"எங்க இருக்கு, அக்கா?"

"அங்க."

"அங்கன்னா எங்க?"

நானும் கையை இன்னும் நன்றாக நீட்டி, எக்கி நின்று காட்டுகிறேன்! கண்ணைக் கட்டிய கூட்டத்துக்கு விரலால் வழி காட்டிய ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாசலில் டிரைவர் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, நான் கையைக் காட்டிட்டு நிக்கறேன்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். அறை முழுக்கச் சிரித்தது. எனக்கு வலிக்கவில்லை.

நிலாவில் கறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு உன் ஊருக்கு மாற்றினேன். "இது எங்க அக்கா இருக்கிற ஊரு. அவ நர்ஸ். டூட்டி முடிஞ்சு வெளிய வந்தா அவளுக்கு இந்த வானம்தான். இங்கயும் அதே நிலாதான். தேடிக் கண்டுபிடிங்க."

ஒருவன் கத்தினான். "அக்கா, நிலாவை யாரோ திருப்பி மாட்டிட்டாங்க!" இன்னொருத்தி, "மெஷின் அவுட்டு." நான், "மெஷினும் நல்லா இருக்கு, நிலாவும் நல்லா இருக்கு. அப்ப வேற என்னதான் மாறியிருக்கு?" என்று கேட்டேன். சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்குக் கைவந்த கலை.

மூலையில் நின்ற குண்டுப் பையன் ஒருவன் என்ன நினைத்தானோ, தாழ்வாக இருந்த நிலாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே பார்த்தான். "டேய், எனக்குச் சரியாயிடுச்சு!" என்று அலறினான். அவ்வளவுதான். வகுப்பு முழுக்கக் குனிந்துவிட்டது. டீச்சர் உள்ளே வந்தபோது அவருக்கு முன்னால் தெரிந்தது வரிசையாகப் பிள்ளைகளின் பின்பக்கம்தான். ஒருவன் தலைகுப்புறச் சாய்ந்து கால்மிதியிலேயே மல்லாந்து கிடந்து பார்க்கிறான்.

"அப்ப அந்த ஊர்க்காரங்க எல்லாம் இப்படித்தான் நிக்கறாங்களா?" "கீழ விழ மாட்டாங்களா?" "பூமி உருண்டைடா, எந்தப் பக்கம் விழுவாங்க?" அவர்களுக்குள்ளேயே சண்டை. டீச்சர் என்னைப் பார்த்தார், சுவரோரம் போய் நின்று கேட்டார்.

அப்போது முன்வரிசைப் பெண் ஒருத்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். போரடித்ததால் இல்லை. என்னைத் தேடிக் கழற்றினாள். அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அக்கா, உங்க அக்காவைக் கேட்டா நாமதான் தலைகீழா நிக்கறோம்னு சொல்வாங்களா?" என்று கேட்டாள். கேள்வி நன்றாக இருந்ததால் மற்றவர்களும் பதிலைக் கேட்க ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். எல்லாக் கண்ணும் என்மேல். கையிலிருந்த துணியைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன், கதவு எவ்வளவு தூரம் என்றுகூடப் பார்த்தேன்.

பிறகு அவர்களைப் பார்த்தேன். எல்லா முகத்திலும் கண்ணைச் சுற்றிக் கண்ணாடி பதிந்த சிவப்பு வளையம். ஆந்தைக் கூட்டம் மாதிரி நிற்கிறார்கள். ஒன்றுக்கும் என்னைக் கேலி செய்கிற எண்ணம் இல்லை. கேட்டதற்குப் பதில் வேண்டும், அவ்வளவுதான்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, "ஆமா, சொல்லுவா. அவ சொல்றதும் சரிதான்" என்றேன். மைக் இல்லாமல் சொன்னேன். மைக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தது பிறகுதான் தெரிந்தது.

அன்று பஞ்சு துடைக்க ஒரு துணி போதவில்லை. டீச்சர் மற்ற வகுப்புகளுக்கும் நாள் குறித்துக் கொடுத்தார். டிரைவர் அண்ணன் இப்போது புதுப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறார்.

இன்று திங்கட்கிழமை. கடிதத்தின் இந்தக் கடைசிப் பகுதியை மாலை வகுப்பின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். டீச்சர் இன்னும் வரவில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே இருக்காதே. உன்னிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. டூட்டி முடிந்து வரும்போது நிலா தாழ்வாக இருந்தால், ஒருமுறை அதற்கு முதுகைக் காட்டிக் குனிந்து பார். நம் வீட்டு மொட்டைமாடியில் நாம் பார்த்த நிலா தெரியும். யாரும் பார்க்காத நேரமாகப் பார். பார்த்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் வருகைக்காக ஒழுகும் குழாயோடு காத்திருக்கும்
தங்கை

பி.கு.: டீச்சர் வந்துவிட்டார். முதல் பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து சொல்லிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு முன்னால் இருப்பவர் உட்காருகிறார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நிற்கிறேன்.