வாய்க்கால் வரப்பில் போன அப்பாவுக்கு

அப்பா,

இன்று காலை உன் சாப்பாட்டுக் கேரியரைப் புளி போட்டுத் தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தாலும் மூடியைத் திறந்தால் நீ வேலை பார்த்த மில்லின் மிஷின் எண்ணெய் வாசனை லேசாக வருகிறது. நீ போனபின் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு டவுனில் உப்பளம் என்ற இடத்தில் ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறேன். மதியச் சோறு இதில்தான். மேல்தட்டுக் கொக்கி தளர்ந்து லொடலொடத்ததால் நீ கம்பி சுற்றி வைத்திருந்தாய். தேய்ப்பதற்காக அதைக் கழற்றினேன்.

அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை இந்தக் கேரியரில் உன்னோடு பங்கு போட்டவர் பெரிய தெரு தணிகாசலம். நம் ஊரில் பெரிய தெருவில் நிலம் உள்ளவர்கள், ஏரிக்கரையில் ஆடு மாடு வைத்திருப்பவர்கள், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் காலனியில் நாம். நடவு வேலை குறைந்தபோது மூன்று பக்கத்து ஆண்களும் ஒரே மில்லுக்குத்தான் போனீர்கள். அங்கே அவர் உன்னை மாமா என்பார், நீ அவரை மாப்ள என்பாய். பஸ்ஸிலும் ஒரே சீட். ரெட்டியார்பாளையம் தாண்டியும் பேச்சு ஓயாது. ஊரில் இறங்கியதும் அவர் விறுவிறுவென்று முன்னால் போய்விடுவார்.

"ஏம்ப்பா, அவரு திரும்பியே பாக்கல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஊரு வந்தா அவனுக்குக் கழுத்து புடிச்சுக்கும்டி. மில்லு கேட்டுக்குள்ள போனா சரியாப் பூடும்" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உயிரோடு இருக்கும்வரை நாம் பெரிய தெருவில் நடக்கலாம். அவர்களுக்குக் கூலி ஆள் வேண்டும். செத்தால் மட்டும் அந்த வழி கிடையாது, வாய்க்கால் வரப்புதான். "நான் போறப்ப ரோட்டு மேல தூக்கிப் போங்க. வரப்புல வழுக்கி வுட்டுராதீங்க" என்பாய். "வாயக் கழுவுய்யா" என்பாள் அம்மா.

கார்த்திகை மழையில் போனாய். சித்தப்பா மதகில் நின்று பெரிய தெருக்காரர்களிடம் வழி கேட்டார். "வழக்கத்த மாத்தாதப்பா" என்றார் ஒருவர். கூட்டத்தில் தணிகாசலமும் இருந்தார்.

"நீ சொல்லுண்ணே. ஒரே கேரியர்ல தின்னவங்கதான நீங்க?" என்றார் சித்தப்பா.

அவர் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

பெண்கள் காலனி முனையோடு நின்றுவிட வேண்டும். அங்கிருந்து பார்த்தேன். முன்னால் தூக்கியவர் கால் சேற்றில் புதைந்தது. பாடை சாய்ந்தது. உன் மாலை வயல் தண்ணீரில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை, கை ஒழியவில்லை. நீ பயந்தது அப்படியே நடந்தது அப்பா.

நேற்று சாயங்காலம் பஸ்ஸில் தணிகாசலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியிலிருந்த கேரியரை வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கம்பி அவன் கட்டுனதாம்மா?"

"ஆமா."

"பிரிச்சிடாத" என்றார்.

அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்க நினைத்தேன். எனக்குத்தான் யார் முன்னாலும் பேச்சு வராதே. பஸ் நின்றது. அவர் முதலில் இறங்கி முன்னால் நடந்தார். திரும்பவில்லை.

கேரியர் காய்ந்துவிட்டது. சோறு போட்டாயிற்று. கம்பியை நான் திரும்பச் சுற்றவில்லை. சாயங்காலம் பெரிய தெரு முழுக்க, அவர் முதுகுக்குப் பின்னால், கேரியர் லொடலொடவென்று சத்தம் போட்டுக்கொண்டே வரட்டும்.