பாஸ்போர்ட் ஃபாரத்தில் நான் எழுதிய பெயர்

மான்மவுத் ஜங்ஷன்,
ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

அன்பு மகன் ரூஃபஸுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் இங்கே உன் அக்கா ஜோசபின் வீட்டாரும் சுகம். ஹூஸ்டனில் நீயும் மருமகளும் பேத்தி ஜெபினாவும் சுகமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது, புதன்கிழமை போனைப் பாதியில் வைத்தவன் நான்தானே. மறுபடி பேசினால் மறுபடி கோபம் வரும், அதனால்தான் எழுதுகிறேன். சிட்டிசன்ஷிப் ஃபாரத்தில் என் பெயரை எடுத்துவிட்டு வேறு போடப்போவதாக நீ சொன்னதும், பெற்றவன் உயிரோடு இருக்கும்போதே பெயரை எடுக்கிறானே என்று அக்காவிடம் கத்தினேன், அன்று சாப்பிடவும் இல்லை. அதற்குப் பிறகுதான் நீ என்னிடம் மறைத்ததை அவள் சொன்னாள். ஃப்ரீவேயில் உன்னை நிறுத்திய அதிகாரி லைசென்ஸில் சான்டியாகோ என்று பார்த்ததும் ஸ்பானிஷ்காரன் என்று நினைத்து ஸ்பானிஷில் கேட்டாராம், இந்தியாக்காரன் என்று நீ சொல்லியும் நம்பாமல் ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தாராம், பின்சீட்டில் பிள்ளை அழுதாளாம். வீட்டுக்கு வந்து, தாத்தா பெயர் கெட்ட பெயரா டாடி என்று உன்னைக் கேட்டாளாம். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

தப்பு என்னுடையதுதான் அய்யா. உன் முதல் பாஸ்போர்ட்டுக்கு ஃபாரம் நிரப்பியவன் நான். சர்நேம் என்ற கட்டத்தில், நம் வழக்கப்படி அப்பன் பெயர்தானே என்று, ஞானஸ்நானப் புத்தகத்தில் சாமியார் இங்கிலீஷில் எழுதியிருந்தபடியே பெருமையாகச் சந்தியாகு என்ற என் பெயரைச் சான்டியாகோ என்று எழுதினேன். குடும்பப் பெயர் பெர்னாண்டோவைப் போட்டிருக்கலாமோ என்று யோசித்தேன், போட்டிருந்தாலும் இதே கதிதான். எல்லாம் தூத்துக்குடிக் கரைக்குப் போர்த்துகீசியர் கொண்டுவந்தது, அவர்கள் போய்விட்டார்கள், பெயர்கள் நம்மிடம் தங்கிவிட்டன. ஊர்க் கோயில் திருவிழாவில் சந்தியாகப்பர் என்று சப்பரம் தூக்கியே வளர்ந்த நான் அதைத் தமிழ்ப் பெயர் என்றல்லவா நினைத்திருந்தேன்.

நெட்டில் பார்த்துவிட்டு, அதற்குக் காலை வாருகிறவன் என்று அர்த்தம் என்றாயே, அதுதான் ரொம்பச் சுட்டது. பைபிளை எடுத்துப் பார்த்தேன். சாந்த் என்றால் புனிதர், யாகோ என்பது நம் யாக்கோபு. தாய் வயிற்றிலிருந்து வரும்போதே அண்ணன் குதிகாலைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை. பிடித்துக்கொண்டு வந்தான், அவ்வளவுதான், வாரிவிட்டான் என்று அந்த இடத்தில் இல்லை. ஆனால் என் பெயர் உன் காலைப் பிடித்து இழுக்கிறது என்றால் அதை விட்டுவிடு. எனக்கு வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நிறையவே இருக்கிறது. ஆனாலும் என் பெயருக்காக அந்தப் பிள்ளை இன்னொரு தரம் காரில் அழ வேண்டாம். தாத்தா பெயர் கெட்ட பெயர் இல்லை என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடு.

கிரீன் கார்டைப் பர்ஸிலேயே வைத்திரு, மறக்காதே. உங்கள் மூவரையும் சந்தியாகப்பர் காக்கட்டும். புதுப் பெயர் எது என்று முடிவானதும் சொல், கவரில் எழுத வேண்டுமே. இந்தக் கவரில் பழையதையே எழுதியிருக்கிறேன்.

உன் அப்பா,
சந்தியாகு