ஆடு தின்ற ஆட்டுப் படம்

அன்புள்ள கோமதிக்கு, தாராவியிலிருந்து வானமாமலை சொல்லச் சொல்ல, பக்கத்து மெஷின் மாரிக்கண்ணன் எழுதுவது. எனக்கு ஒரு குறையுமில்லை. உன் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? தைலத்தை நிறுத்திவிடாதே.

இங்கே முந்தாநாள் ஒரு கூத்து. பயப்படாதே, வேலை போகவில்லை. முதலாளி ஜெயினுலாப்தீன் மகள் ராஹில், பக்ரீத்துக்கு வாங்கிக் கட்டியிருக்கிற கறுப்புக் கிடாவைப் பிரஷாலும் மையாலும் வரைந்திருந்தாள். ஓவியக் கல்லூரியில் இடம் கேட்க மறுநாள் அதைக் காட்டவேண்டும். தாள் மெல்லிசு என்று அட்டையில் ஒட்டித்தரச் சொன்னாள். நான் தைக்கிற பைகளுக்குத் தடவுகிற மைதாப் பசையையே தடவி, மாடியில் காயவைத்தேன். பசை வாசத்துக்குக் கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து பாதிப் படத்தைத் தின்றுவிட்டது.

"என்ன அண்ணாச்சி, ஆட்டுக்கு ஆட்டையே தீனி போட்டீரா?" என்று முதலாளி சிரித்தார்.

ராஹில் சிரிக்கவில்லை. "கிடாவைப் பிடிங்க தாத்தா" என்று புதுத்தாளை விரித்தாள். நான் கொம்பைப் பிடித்துக்கொண்டேன். ஒரே இழுப்பில் முதுகு வந்தது. மை வற்றின பிரஷை உரசினாள், தாடி வந்தது. அசைபோடுகிற வாய்க்கு ரெண்டே கீற்று. நேற்று மதியம் ஓடிவந்தாள்: "காலேஜ்ல என்னை எடுத்துக்கிட்டாங்க தாத்தா!"

எனக்கு என்ன வரைய என்று கேட்டாள். உன்னை வரையச் சொன்னேன். மூக்கு எப்படி, நெற்றி எப்படி என்றாள். கண்ணுக்குள்ளேயே இருக்கிறாய், சொல்லத்தான் வரவில்லை. சிரிக்கிற போட்டோவாக ஒன்று அனுப்பு. மாரிக்கண்ணனைக் கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன்.

வானமாமலை