அண்ணனை எழுதாத விண்ணப்பம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

பெரிய மேலாண்மைக் கல்லூரிகளில் எனக்கு இடம் கிடைக்குமா என்று கேட்க, போன வாரம் ஒரு ஆலோசகரைப் பார்த்தேன். மதிப்பெண்களையும் ஐந்து வருட வங்கி வேலையையும் புரட்டிவிட்டு, "உங்கள மாதிரி ஆயிரம் பேர் வர்றாங்கம்மா. நூத்துக்குப் பத்துதான் சான்ஸ்" என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு, விண்ணப்பத்துக்காக 'என் பெரிய தோல்வி' என்று நான் எழுதியிருந்த கட்டுரையைப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இது போதும்! இப்ப அம்பதுன்னு சொல்லலாம்."

அதில் இருந்தது உங்களுக்குத் தெரியாது, அப்பா. போனில் சொல்ல வாய் வரவில்லை. விபத்தில் அண்ணன் போன அன்று, அதற்குச் சற்று முன் என்னை மூன்று முறை போனில் கூப்பிட்டான். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று மூன்றையும் கட் செய்தேன். என்ன சொல்ல நினைத்தானோ. இன்றும் எந்த போன் அடித்தாலும் அவன்தான் என்று முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். ஆபீஸில் எனக்கு 'மின்னல்' என்று பெயர்!

அந்தக் கட்டுரையை அழித்துவிட்டு, வேலையில் சொதப்பிய கதை ஒன்றை எழுதி அனுப்பிவிட்டேன். அண்ணனைக் காட்டி இடம் கேட்க மனசு வரவில்லை. பத்தே இருக்கட்டும்.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அண்ணனின் பழைய ஸ்வெட்டர் பீரோவில் இருந்தால் அனுப்புங்கள். இங்கே குளிர் அதிகம்.

ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. கோபமிருந்தால் நன்றாகத் திட்டி எழுதுங்கள் அப்பா, பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்