லோரிப் பின்பலகையில் உங்கள் கை

அண்ணே,

இன்று காலை மகனின் புதுக் காரைப் பின்னால் எடுத்தேன். உள்ளே ஏதோ 'டிக்... டிக்...' என்றது. பூச்சட்டியை நெருங்க நெருங்க அவசரப்பட்டு, கடைசியில் ஒரே நீளமாகக் கூவியது.

"பம்பர்ல பொத்தான் மாதிரி இருக்குல்ல, அதுலேர்ந்து சத்தம் போய் முட்டித் திரும்பி வருதுப்பா. அத வெச்சு எவ்ளோ தூரம்னு கண்டுபுடிக்குது" என்றான் மகன். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கும் புரிந்தது. நீங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள்.

எழுபதுகளில் கோலா கெடாவிலிருந்து ஜித்ரா பசாருக்கு நாம் மீன் ஏற்றிப் போன காலம். நான் டிரைவர், நீங்கள் கெலிண்டான். சரக்கை ஏற்றி இறக்குவதோடு, பின்னால் நின்று எனக்கு வழி காட்டுவதும் உங்கள் வேலை. நான் பின்னால் எடுக்கும் அழகு ஊரறிந்தது. ஒரு நாள் ஜித்ராவில் கோழிக்கூண்டு ஒன்றைச் சப்பையாக்கினேன்.

"மீன் விக்க வந்தியா, கோழி புடிக்க வந்தியா?" என்றீர்கள். 'நிறுத்து' என்று நீங்கள் பின்னால் கத்தியது என்ஜின் இரைச்சலில் எனக்குக் கேட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து பின்பலகையைக் கையால் தட்டினீர்கள். மெதுவாகத் தட்டினால் இடம் இருக்கிறது. வேகமானால் நெருங்கிவிட்டது. படபடவென்றால் நில்.

"தட்டுறது நின்னு போனாலும் நில்லுடா தம்பி. நான் எங்க கெடக்கேனோ, உனக்கு என்னா தெரியும்?"

அப்புறம் அந்த மழைக்காலத்துக் காலை. இறங்குதுறைப் பலகை முழுக்க மீன் தண்ணீர். எதிரே வந்த லோரி வழி கேட்டு ஹாரன் அடித்தது. முன்னால் நின்றவர்கள் எல்லாரும், "கோஸ்தான்! கோஸ்தான்!" என்று பின்னால் எடுக்கச் சொல்லிக் கையை வீசினார்கள். எடுத்தேன். உங்கள் தட்டல் கேட்டது. திடீரென்று கேட்கவில்லை.

"பின்னால ஒன்னும் இல்ல லா! போ, போ!" என்று ஐஸ் விற்கிறவர் கத்தினார்.

என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. மூளை சொல்லியிருக்காது, அதற்கு அவ்வளவு சுறுசுறுப்பு கிடையாது. இறங்கி ஓடினேன். பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி மல்லாந்து கிடந்தீர்கள். வழுக்கி விழுந்ததில் மூச்சு அடைத்து, வாய் மட்டும் திறந்து மூடியது. உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

குரல் வந்ததும் நீங்கள் முதலில் சொன்னது: "அழுவாதடா. மீன் வாங்குறவன் பாத்தா, சரக்கு கெட்டுப்போச்சுன்னு வெலையக் கொறச்சிருவான்."

அதற்குப் பிறகு நீங்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து, பேரப்பிள்ளைகளைத் திட்டி, நன்றாக வயதாகி, உங்கள் கட்டிலிலேயே கண்மூடினீர்கள். சர்ச்சில் எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது, அண்ணே. என் சக்கரத்தில் போகவில்லையே நீங்கள்.

இன்னும் எந்தச் சத்தம் நின்றாலும் எனக்குத் திக்கென்கிறது. குளியலறையில் மனைவி தண்ணீர் ஊற்றுவது நின்றால் போய்க் கதவைத் தட்டுகிறேன்.

"உயிரோடதான் இருக்கேன், போங்க அந்தாண்ட!"

அந்தத் திட்டு காதில் விழுந்த பிறகுதான் பேப்பரைப் பிரிக்கிறேன்.