இரண்டு விரல் இடம்

பினாங்கு,
16.10.1988

அன்பு மகள் ஞானாம்பிகைக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன் என்று இருந்தவன், இப்போது அதையும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று யோசிக்க வேண்டியதாகிவிட்டது. டாக்டர் இனிப்புநீர் வியாதிக்கு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார், மழை விடாமல் பெய்து பின்பக்கக் கூரை ஒழுகுகிறது, ஆள் வந்து பார்த்துவிட்டு ஓடு மாற்ற வேண்டும் என்கிறான், அவனே உடைத்திருப்பானோ என்று எனக்குச் சந்தேகம். அது கிடக்கட்டும், நான் எழுத வந்த விஷயம் வேறு.

சென்ற செவ்வாய்க்கிழமை பென்ஷன் கடிதத்துக்கு நகல் எடுக்கச் சூலியா தெருவில் ஹனீபாவின் ஃபோட்டோஸ்டாட் கடைக்குப் போனேன். மேசைமேல் ஸ்டேப்பிள் அடித்த மெல்லிய புத்தகங்கள் அடுக்கியிருந்தன, அட்டையில் உன் பெயர். உங்கள் மகளுடைய படக்கதைதான், இது மூன்றாவது, அங்கே மகளும் கூட்டாளிகளும் ஞாயிறு சந்தையில் விற்கிறார்கள், இங்கே நான் நகல் எடுத்து விற்கிறேன் என்று ஹனீபா பெருமையாகச் சொன்னார். மூன்றாவதாம், எனக்கு முதலாவதே தெரியாது. கல்லூரியில் நீ எடுப்பதும் படம் கீறுகிற வகுப்புத்தானாம். மாலையில் கல்லூரியில் வகுப்பு எடுக்கிறேன் என்று நீ எழுதினாய், கணக்கியல் வகுப்பு என்று நான் கோயிலில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து உன் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன், என்ன வகுப்பு என்று நீ ஓரிடத்திலும் எழுதவில்லை, கெட்டிக்காரிதான். படம் கீறக் கற்றுக்கொடுத்து ஒருத்தி சீவிக்க முடியுமா, கல்லூரி உனக்கு நியமனக் கடிதம் தந்ததா, நீங்களே கீறி நீங்களே அச்சடித்து ஞாயிறு சந்தையில் மேசை போட்டு நீங்களே விற்பதென்றால் பிழை வந்தால் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பது யார், இதற்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பதில் எழுது.

புத்தகத்தைக் கடையில் நின்றே வாசித்தேன். பெனியனோடு ஒரு மனிதர், மூக்குக்கண்ணாடிக்கு நூல் கட்டியிருக்கிறார், வாசல் கேட்டின் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறார், பாசாரில் மீன்காரனிடம் எந்தக் கடலில் பிடித்தது என்று விசாரணை வைக்கிறார். அது நான்தான் என்று ஹனீபா கடையின் பூனைக்குக்கூடத் தெரியும். போகட்டும், பெற்றவனைக் கீறுகிறாய், கீறு. ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் அந்த மனிதர் சாப்பாட்டு மேசைக்குக் கீழே பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் இனிப்புப் பால் டின்னை ஒளித்துவைத்து, யாரும் இல்லாத நேரம் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிறார். எனக்கு இனிப்புநீர் என்று கண்டது போன தீபாவளிக்கு, நீ வீட்டை விட்டு வெளிநாடு போய் நாலு வருடம். இது உனக்கு எப்படித் தெரியும்? கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில், ஒன்பது முதல் பதினாலு வரை உள்ள பக்கங்களைக் கீறியவர் என்னிடம் தபால் வழி பாடம் கற்கும் மாணவி என்று போட்டிருக்கிறாய், பெயர் இல்லை. யாரோ என் வீட்டுக்குள் இருந்து என்னை வேவு பார்க்கிறார்கள், அது யார் என்று தெரியாமல் நான் அந்த வீட்டில் எப்படி நிம்மதியாகச் சோறு தின்பது?

முதலில் ஹனீபாவைத்தான் பிடித்தேன். தீபாவளிக்கு எங்கள் மேசையில் இருந்து சாப்பிட்ட மனிதர் அல்லவா. சாப்பிட்ட வீட்டைக் காட்டிக்கொடுக்கிறாயா என்று கடையில் நாலு பேர் பார்க்கக் கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "எனக்கு நேரா ஒரு கோடு போடவே வராது லா அண்ணே. வீட்டுல போயி நல்லாப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். வாங்கித் தந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் புத்தகத்தோடு வந்துவிட்டேன். பிறகு பக்கத்து வீட்டு யோகம்மாவில் சந்தேகம் வந்தது, ஆனால் அவளுக்குக் கண்ணில் பூ விழுந்து ஆறு மாதம்.

முப்பது வருடம் ஆபீசில் கோப்புப் பார்த்த பெரிய கிராணிக்குக் கடதாசியைப் படிக்கத் தெரியும். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அந்த ஆறு பக்கத்திலும் படத்துக்குப் பின்னால் மங்கலாக ஒரு எண் தெரிகிறது, 17, 22, 5, எல்லாம் இடம் வலம் மாறி. நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கீறியதை நகல் எடுத்தால் அப்படித்தான் தெரியும். சாமான் லிஸ்ட் எழுத நான் கிழித்துச் சேர்த்து வைக்கும் நாட்காட்டித் தாள்கள் ஒரு வருடமாகக் குறைந்துகொண்டே வந்தன, கரப்பான் தின்கிறது என்று மருந்து வைத்தேன். இன்னொன்றும் கண்டேன். எல்லாப் படத்திலும் என் முழங்கால் பெரிதாகவும் தலை சின்னதாகவும் இருக்கிறது, மேசையின் அடிப்பக்கம் தெரிகிறது. அந்த உயரத்தில் இருந்து என்னைப் பார்க்கக்கூடிய ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான், குசினி வாசலில் தேங்காய் திருவுகிற பலகையில் இருக்கிறவர்.

புத்தகத்தை அம்மாவின் முன்னால் வைத்தேன். அவள் திருவுவதை நிறுத்தவில்லை. ஓம், நான்தான் கீறினேன், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியில் ஹனீபாவிடம் கொடுத்தால் அவர் அனுப்பிவிடுவார், பிள்ளையின் பாடமும் அந்தக் கடைக்குத்தான் வரும் என்றாள். ஏன் எனக்கு மறைத்தாய், கடிதத்தில் உனக்கும் இடம் விடுகிறேன்தானே என்று கேட்டேன். "நீங்க விடுற ரெண்டு விரல் இடத்தில நான் என்னத்தைச் சொல்லுறது? அதையும் வாசிச்சுப் பாத்துத்தானே ஒட்டுறீங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. நாலு வருடமும் என் கடிதங்களில் நீ அவளுடைய கையெழுத்தில் வாசித்தது, அம்மாவின் ஆசிகள், உடம்பைப் பார்த்துக்கொள், இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான். நான் உயிராய் நினைக்கிற இரண்டு பேர் எனக்குத் தெரியாமல் ஒரு தபால் நிலையமே நடத்தியிருக்கிறீர்கள் என்றால் நான் எப்படிப்பட்ட மனிதன் என்று நேற்று முழுதும் யோசித்தேன். பால் டின்னையும் எடுத்து வெளியே வைத்துவிட்டேன். ஹனீபாவிடம் நாளை போய் மன்னிப்புக் கேட்டு அந்தத் தேத்தண்ணியைக் குடிப்பேன், சீனி இல்லாமல்.

படிப்பிக்கிற வேலையை விடாதே, ஆனால் நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்கு, வாய்ப்பேச்சை நம்பாதே. நேரத்துக்குச் சாப்பிடு. கோயிலில் உன் வகுப்பு என்ன வகுப்பு என்று நானே திருத்திச் சொல்கிறேன், அவர்கள் சிரிக்கிறதைச் சிரிக்கட்டும். இனிப் பாடத்தை வீட்டு விலாசத்துக்கே அனுப்பு, உறையில் திருமதி நல்லம்மா என்று எழுது, நான் பிரிக்க மாட்டேன். முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும்.

இந்த முறை இரண்டு ஏரோகிராம் தாள் வாங்கினேன், ஒன்று முழுதும் அம்மாவுக்கு. இரண்டு நாளாகக் குசினியில் இருந்து கீறுகிறாள், தனியே சிரிக்கிறாள், என்னைத்தான் கீறுகிறாள் என்று எனக்குப் பலத்த சந்தேகம். சற்று முன் மேல் பக்கத்தை மடித்து மறைத்துப் பிடித்துக்கொண்டு வந்து, அடியில் இரண்டு விரல் இடம் காட்டி, கையெழுத்துப் போடுங்கோ என்றாள். அப்பாவின் ஆசிகள் என்று எழுதிப் போட்டேன். வாசித்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்ட முதல் கடதாசி அதுதான்.

இப்படிக்கு
அன்புள்ள அப்பா,
அம்பிகைபாகன்